டொக்டர் ஜோன்சனின் கடிகாரம்

1768ஆம் ஆண்டிலே, இலண்டன் மாநகரில் வாழ்ந்த எழுத்தாளர் ஒருவர், 58 வயது கடந்த பின்னர், வாழ்நாளில் முதன்முறையாகத் தமக்கென ஒரு சட்டைப்பைக் கடிகாரம் வாங்கினார். முட்ஜ், டட்டன் என்னும் பெயர்பெற்ற கைவினைஞர் செய்த அக்கடிகாரத்தின் முகப்பிலே கிரேக்க மொழியிற் சில சொற்கள் பொறிக்கப்பட்டிருந்தன. அவை யோவான் எழுதிய நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தினின்றும் எடுக்கப்பட்டவை. பகற்பொழுதிலேயே கடமையை முடித்தல் வேண்டும், யாரும் உழைக்கவியலாத இரவொன்று வரவிருக்கின்றது என்று இயேசுநாதர் தம் சீடரை எச்சரித்த இடம் அது. மணி பார்க்க எடுக்குந்தோறும் அவ்வெச்சரிக்கை அவர் கண்ணிற் பட்டது. ஆனால் சில காலஞ் சென்றபின் அவரே அம்முகப்பைக் கழற்றி வைத்துவிட்டார். ஏன் என்று நண்பர் வினவியபோது, வீட்டினுள்ளே அறையில் நிற்கும் மணிக்கூட்டுக்காயின் அவ்வாசகம் பொருந்தும், பலர் பார்க்கக் கையில் எடுக்கும் கடிகாரத்தில் இருந்தால் பக்தியைப் பகட்டாகக் காட்டுவதாக முடியும் என்று விடையிறுத்தார்.

அவர்தாம் சாமுவேல் ஜோன்சன். ஆங்கில மொழிக்குப் பேரகராதி செய்தவர் என்று நம்மில் ஆங்கிலங் கற்றோர் அவரை அறிவர். பொஸ்வெல் என்பார் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் வாயிலாக, எதிர்வாதஞ் செய்தோரை ஒரே சொல்லால் அடக்கும் வன்மையாளராகவும் அவரை அறிவர். அவ்வன்மையாளர் உள்ளத்தினுள்ளே இரண்டு பகைகளைச் சுமந்து திரிந்தார். ஒன்று அச்சம், மற்றது, செய்யவேண்டியதை நாளைக்கெனத் தள்ளிவைக்கும் இயல்பு. இவ்விரண்டோடும் அவர் ஏறக்குறைய 55 ஆண்டுகள் போராடினார். அப்போராட்டத்தில் அவர் கையிலிருந்த படைக்கலம் அவருடைய கிறிஸ்தவ நம்பிக்கை ஒன்றே. அதைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகின்றேன்.

முதலிலேயே ஒன்று கூறிவைத்தல் நன்று. இறையடியார் வரலாறுகளிலே, நம்பிக்கை பிறந்த அன்றே அச்சமும் சோம்பலும் கதிரவனைக் கண்ட பனி போல மறைந்துபோவதாக நாம் படிக்கின்றோம். ஜோன்சன் வரலாறு அத்தகையதன்று. மிக அண்மைக் காலத்தவராதலாலும், தம் தோல்விகளைத் தாமே நாட்குறிப்பில் எழுதி வைத்தவராதலாலும், அவரை நாம் அவ்வாறு அழகுபடுத்திக் காட்டவியலாது.

அவர் 1709இல் இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள லிச்பீல்ட் என்னும் ஊரிலே புத்தக வணிகர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே கண்டமாலை நோய் அவரைப் பற்றிற்று. அதனால் முகத்தில் வடுக்கள் நிலைத்தன. ஒரு கண் ஏறக்குறையப் பார்வையிழந்தது. அரசர் தொட்டால் அந்நோய் நீங்கும் என்று அந்நாளில் மக்கள் நம்பினர். ஆதலின் 1712இல் தாயார் அவரை இலண்டனுக்குக் கொண்டுசென்று ஆன் அரசியாரின் கை படச் செய்தார். நோய் நீங்கவில்லை. 1728இல் ஒக்ஸ்போர்டிலே பெம்புரோக் கல்லூரியிற் சேர்ந்தார். கிழிந்த சப்பாத்துடன் திரிந்த அவருக்கு இரங்கி யாரோ ஒருவர் அறைவாசலிலே புதுச் சப்பாத்து வைத்துச் சென்றாராம். அதைத் தூக்கி எறிந்துவிட்டார். பதின்மூன்று மாதங்களின் பின் பணமின்மையாற் பட்டம் பெறாமலே ஊர் திரும்பினார்.

ஒக்ஸ்போர்டிலிருந்த அக்குறுகிய காலத்திலேதான் வில்லியம் லோ என்னும் குருவானவர் எழுதிய சமயநூல் ஒன்று அவர் கைக்கு வந்தது. இத்தகைய நூல்கள் எல்லாம் போல இதுவும் சுவையற்றிருக்கும், நகைப்பதற்கும் இடந்தரலாம் என்று எண்ணியே அதைத் திறந்தார். ஆனால் அந்நூல் அவரை வென்றுவிட்டது. சமயத்தைப் பற்றி முதன்முறை உண்மையாகச் சிந்திக்கத் தொடங்கியது அதன் பின்னரே என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். அந்நூல் போதித்தது, ஞாயிறுதோறும் கோயிலுக்குச் செல்வதோடு அமையும் சமயமன்று. எழுவதும் உண்பதும் செலவழிப்பதும் யாவும் இறைவனுக்குக் கணக்குக் காட்டவேண்டிய செயல்கள் என்பதே அதன் கோட்பாடு. இளைஞர் ஒருவருக்கு இஃது உரந் தரும் கோட்பாடுதான்; ஆனால் அதனோடு அச்சமும் சேர்ந்தே வந்தது.

ஊர் திரும்பியபின் கொடிய மனச்சோர்வு அவரை வீழ்த்திற்று. தந்தையிடமிருந்து வழிவழி வந்த நோய் என்று அவர் அதைக் கருதினார். அந்நாட்களிலே ஊர்ப் பொது மணிக்கூட்டை நோக்கியபடி நின்றும் மணி எத்தனை என்று அறியமாட்டாத அளவுக்குச் சோர்வுற்றிருந்ததுண்டு என்று பின்னர் நண்பர் ஒருவரிடங் கூறினார். எங்கே அறிவு பேதலித்துவிடுமோ என்ற பயம் அன்று தொட்டு அவரை விட்டகலவில்லை. அதனினும் பெரியது இறுதித் தீர்ப்பைப் பற்றிய பயம். மத்தேயு நற்செய்தியிலே தாலந்துகளின் உவமை ஒன்றுண்டு. தலைவன் தன் ஊழியரிடம் பொருளை ஒப்புவித்துச் செல்கின்றான்; ஒருவன் தனக்குக் கிடைத்த ஒரே தாலந்தை மண்ணிற் புதைத்துவைத்துத் தண்டனை பெறுகின்றான். அவன் அப்படிச் செய்ததற்குக் கூறிய காரணம் என்ன? பயந்தேன் என்பதே. அச்சமும் காலந்தாழ்த்தலும் ஒரே வேரிற் கிளைத்தவை என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ? ஒரு தாலந்து பெற்றவனுக்கே அந்தக் கதி என்றால், தம்மைப்போல அறிவாற்றல் மிகப் பெற்றவனுடைய கதி யாதாகும் என்பதே ஜோன்சனை வாட்டிய வினா. வள்ளுவர் மடியின்மை என ஓர் அதிகாரமே வகுத்து, காலந்தாழ்த்தும் இயல்பை நெடுநீர் என்னும் அரிய சொல்லாற் சுட்டினார். ஜோன்சனோ அக்குற்றத்துக்கு நரகத்தையே தண்டனையாக எதிர்பார்த்து நடுங்கினார்.

நடுங்கியவர் உழைத்தாரா எனின், அங்கேதான் வியப்பு. அவர் எழுதிய யாவும் கடைசி நாழிகையில் எழுதப்பட்டவை. 1746இல் நூல் வணிகர் சிலர் அகராதிக்காக 1,575 பவுண் தர உடன்பட்டனர். மூன்றாண்டில் முடிப்பதாக அவர் உறுதியளித்தார். ஒன்பதாண்டு சென்று 1755 ஏப்பிரலில் வெளிவந்தது. உதவிக்கு இருந்தவர் ஆறு எழுத்தர் மட்டுமே. சொற்களோ 42,000க்கு மேற்பட்டவை. பிரெஞ்சு நாட்டிலே 40 புலவர் கூடிய கழகம் தன் அகராதிக்கு 40 ஆண்டுகளுக்கு மேல் எடுத்ததை நோக்க, ஒன்பதாண்டைத் தாமதம் என்று நாம் குறைகூறல் நேர்மையன்று. எனினும் அவர் தம்மைக் குறைகூறிக்கொண்டார்.

அகராதிப் பணிக்கிடையே 1750 மார்ச்சு முதல் 1752 மார்ச்சு வரை, ராம்ப்ளர் என்னும் பெயரிலே கிழமைக்கு இரண்டாக 208 கட்டுரைகள் வெளியிட்டார். ஒருசில தவிர யாவும் அவர் எழுதியவையே. அவற்றுள் 134ஆவது கட்டுரையின் பொருள் காலந்தாழ்த்தல். அச்சுக்கூடப் பையன் வாசலிற் காத்துநிற்க, ஓவியர் ரெனால்ட்ஸ் வீட்டுக் கூடத்திலே அமர்ந்து அக்கட்டுரையை விரைந்து எழுதினார் என்று அவருடைய நெருங்கிய தோழி திரேல் அம்மையார் எழுதியிருக்கின்றார். வரலாறு கற்பிப்பவன் என்ற முறையில் இங்கே ஒரு தடை எழுப்பவேண்டியவனாகின்றேன். அக்கட்டுரை வந்தது 1751இல். ரெனால்ட்ஸ் 1749இற் கப்பலேறி 1752இலேதான் இத்தாலியிலிருந்து மீண்டார். ஆகவே இடம் பிழை. ஆயினும், பையன் காத்துநின்ற செய்தியை யான் நம்புகின்றேன். ஜோன்சனை அறிந்த எவரும் அதனை நம்பாதிருக்கமாட்டார்.

ஷேக்ஸ்பியர் நாடகப் பதிப்போ இன்னுங் கேடு. 1756இல் முன்பணங் கொடுப்போரிடம் பெயர் சேர்த்து, அடுத்த ஆண்டு நத்தாருக்குள் நூல் தருவதாக அறிவித்தார். அந்த நத்தார் போயிற்று. அதன் பின்னும் பல நத்தார் போயின. பணங்கொடுத்தவர் பெயர்ப்பட்டியலை அச்சிட ஏன் மறுக்கிறீர் என்று கேட்டவரிடம், பெயர்களைத் தொலைத்துவிட்டமை ஒரு காரணம், பணத்தைச் செலவழித்துவிட்டமை மற்றொரு காரணம் என்றாராம். 1762இல் அரசர் அவருக்கு ஆண்டுக்கு 300 பவுண் உதவித்தொகை வழங்கினார். அதுவரை அவரை எழுதத் தூண்டிய வறுமையென்னுஞ் சவுக்கும் அத்தோடு ஓய்ந்தது. அவ்வாண்டிலேயே சேர்ச்சில் என்னும் கவிஞர், பணத்தை வாங்கிக்கொண்டு நூல் தராதவர் என்று அவரை ஊரறிய எள்ளி நகையாடினார். 1765 ஒக்டோபரில், எட்டுத் தொகுதிகளாக, நூல் வெளிவந்தது.

இவற்றையெல்லாம் நாம் சிரித்துக்கொண்டே கேட்கலாம். சிரிக்கவியலாதது ஒன்றுண்டு.

லிச்பீல்டில் அவருடைய தாயார், முதுமையிலும், புத்தகக் கடையை நடத்தி வாழ்ந்துவந்தார். மகன் பணம் அனுப்பினார், கடிதம் எழுதினார், தாயாரை நேசித்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் 1740ஆம் ஆண்டளவிற் பார்த்துவந்த தாயாரை மீண்டும் சென்று பார்க்கவில்லை. இலண்டனிலிருந்து லிச்பீல்ட் ஏறக்குறைய 120 மைல். குதிரை வண்டியிற் சில நாட் பயணம். இவ்வாண்டு செல்வேன், அகராதி முடிந்ததும் செல்வேன், கோடையிற் செல்வேன் என்று எண்ணி எண்ணிப் பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தன. 1759 சனவரியிலே, 90 வயதை அணுகிய தாயார் நோயுற்றிருக்கின்றார் என்ற செய்தி வந்தது. 12 கினி அனுப்பினார். நாளுக்கு நாள் கடிதம் எழுதினார். தாம் செய்த தீங்குகளுக்காக மட்டுமன்றி, செய்திருக்கக்கூடிய நன்மைகளைச் செய்யாது விட்டமைக்காகவும் மன்னிக்கும்படி கடைசிக் கடிதத்திலே தாயாரை வேண்டினார். அடுத்துச் சில நாட்களுள் தாயாரின் உடல் அடக்கஞ் செய்யப்பட்டது. மகன் அங்கே இருக்கவில்லை.

தாயாரின் ஈமச் செலவுக்கும் அவர் விட்டுச்சென்ற சிறு கடன்களுக்குமாக, ஒரே கிழமையின் மாலைப்பொழுதுகளிலே ஒரு கதை எழுதி முடித்து 100 பவுணுக்கு விற்றார். அதுதான் ராசிலாஸ். அபிசீனிய நாட்டு அரசிளங்குமரன் ஒருவன் இன்பப் பள்ளத்தாக்கிலே அடைபட்டிருக்கின்றான். வெளியேறித் தீர்வதென்று முடிவுசெய்கின்றான். வெளியுலகில் ஆற்றப்போகும் அருஞ்செயல்களைக் கற்பனை செய்வதிலேயே 20 மாதங்கள் கழிகின்றன. ஒருநாள் அவ்விழப்பு அவனுக்குப் புலனாகின்றது. வீண் எண்ணங்களில் இனிப் பொழுது போக்கமாட்டேன் என்று எண்ணுவதிலேயே மேலும் நான்கு மாதங்கள் போகின்றன. ஈற்றிலே, கிண்ணமொன்றை உடைத்துவிட்ட பணிப்பெண், சரிசெய்யவியலாததற்கு வருந்துவதால் ஆவதென்ன என்று சொல்லக் கேட்டு விழிப்படைகின்றான். தம் தாயாரின் முகத்தை இறுதியாகக் காணத் தவறிய ஒருவர், அதே நாட்களில் எழுதிய பக்கங்கள் இவை என்பதை மனத்திற்கொண்டு படிப்போர்க்கு அவை வேடிக்கைக் கதையாகத் தோன்றா.

நேயர்களே, இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கொரு நினைவு வருகின்றது. எனக்கு ஆங்கிலங் கற்பித்த ஆசிரியர் ஒருவர் நோயுற்றிருக்கின்றார் என்று கேள்வியுற்றேன். பரீட்சை முடியட்டும், விடுமுறை வரட்டும், போய்ப் பார்க்கலாம் என்றிருந்தேன். விடுமுறை வந்தது. அவர் இருக்கவில்லை. ஜோன்சனின் நூலை எனக்கு முதன்முதற் கையில் தந்தவர் அவரே.

இனி அவருடைய நாட்குறிப்பினுள் நுழைவோம். புத்தாண்டு, உயிர்த்த ஞாயிறு, தம் பிறந்தநாள், மனைவியார் இறந்த நாள் ஆகிய நாட்களிலே ஜோன்சன் தனித்திருந்து தம் வாழ்வைச் சோதித்து, பிரார்த்தனை ஒன்று இயற்றி, தீர்மானங்களை எழுதி வைப்பார். உயிர்த்த ஞாயிற்றிலே திருவிருந்தில் பங்குகொள்ளுமுன் அச்சோதனை மிகக் கடுமையாக இருக்கும். தீர்மானங்கள் பெரும்பாலும் ஒரே தன்மையன: நேரத்தோடு எழுதல், வேதாகமத்தை ஒழுங்காக வாசித்தல், கோயிலுக்குச் செல்லல், வேலையைத் தள்ளிப்போடாமை. ஆண்டுதோறும் அவையே திரும்பத் திரும்ப வருகின்றன. அடுத்த ஆண்டுக் குறிப்பிலே அவற்றுள் எதுவும் நிறைவேறவில்லை என்ற வாக்குமூலமும் தவறாது வருகின்றது. 1764 செப்டெம்பர் 18, அவருடைய 55 வயது நிறைந்த நாள். நினைவு தெரிந்த நாள் முதலாகத் திட்டமிட்டே 55 ஆண்டுகளையும் போக்கிவிட்டேன், செய்ததொன்றுமில்லை, எஞ்சிய காலமோ சிறிது என்று அன்று எழுதினார். அகராதியும் இருநூற்றுக்கு மேற்பட்ட கட்டுரைகளும் ராசிலாசும் எழுதி முடித்தவருடைய வாக்குமூலம் இது!

இன்னொரு குறிப்பு என் மனத்தைக் கவர்ந்தது. இனி எட்டு மணிக்கு எழுவேன் என்று ஓரிடத்தில் எழுதுகின்றார். எட்டு மணி அதிகாலையன்று என்பது தமக்குத் தெரியுமென்றும், பிற்பகல் இரண்டு மணி வரை படுத்திருக்கும் தமக்கு அதுவே பெரிய முன்னேற்றமென்றும் கூட்டிச் சொல்கின்றார். ஆறு மணியென்று எழுதி இறைவனை ஏமாற்ற அவர் விரும்பவில்லை. பாடசாலையிலே தவணை தோறும் நேரசூசி வகுத்து அது குலைவதைக் கண்ட எனக்கு, இந்த எட்டு மணித் தீர்மானத்தில் உண்மையான பணிவு தெரிகின்றது.

இக்குறிப்புகளை 1785இல், அவர் இறந்த அடுத்த ஆண்டிலே, ஸ்ட்ராகன் என்னும் குருவானவர் அச்சிட்டு வெளியிட்டபோது முகஞ்சுளித்தவர் பலர். இத்தனை பெரிய அறிஞர் தேநீர் குடித்ததையும் நேரங்கழித்து எழுந்ததையும் இறைவனிடம் முறையிட்டமை அவர்களுக்கு அற்பமாகத் தோன்றிற்று. என் கருத்து வேறு. இருபது முறை தோற்றவன் இருபத்தோராம் முறையும் தீர்மானஞ் செய்வது நகைப்புக்குரியதாகலாம். ஆனால் மன்னிப்பு உண்டு என்ற நம்பிக்கை இல்லாதவன் இரண்டாம் முறையே தீர்மானஞ் செய்யமாட்டான். ஜோன்சனைத் தீர்ப்பைக் காட்டி அச்சுறுத்திய அதே சமயந்தான், மனந்திரும்புவோனுக்குக் கதவு அடைபடாது என்றுஞ் சொல்லிற்று. முந்தியதை மட்டும் அவர் நம்பியிருந்தால் அறிவு பேதலித்திருப்பார். பிந்தியதை மட்டும் நம்பியிருந்தால் படுக்கையை விட்டே எழுந்திருக்கமாட்டார்.

அந்நம்பிக்கை நடைமுறையில் அவருக்கு ஒரு பழக்கத்தைத் தந்தது. பெரிய வேலை எதனையும் தொடங்குமுன் பிரார்த்தனை ஒன்று எழுதுவார். ராம்ப்ளரைத் தொடங்கியபோது எழுதினார். 1753 ஏப்பிரலில் அகராதியின் இரண்டாம் பாகத்திற் கைவைத்தபோதும் எழுதினார். அதற்கு ஓராண்டு முன்புதான் மனைவியார் காலமாகியிருந்தார். துயரத்தால் வேலை நின்றிருந்த வீட்டிலே, மீண்டும் பேனாவை எடுப்பதற்கு அப்பிரார்த்தனை ஒரு படிக்கட்டாயிற்று. தொடங்குவதே காலந்தாழ்த்துவோர்க்கு மலையேற்றம். முதல் வரி தமக்காகவன்றி இறைவனுக்காக எழுதப்பட்டால், அடுத்த வரி வந்துவிடும் போலும்.

முதுமையில் இதன் பயனைக் காண்கின்றோம். 1777 மார்ச்சில், உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்திய நாளிலே, நூல் வணிகர் அவரிடம் வந்து, ஆங்கிலக் கவிஞர் நூல்களுக்குச் சிறு முன்னுரைகள் எழுதித் தருமாறு கேட்டனர். அவர் 200 கினி போதுமென்றார்; அதைப்போலப் பன்மடங்கு கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பர். சிறு முன்னுரைகள் 52 கவிஞரின் வரலாறுகளாக விரிந்தன. 1779இல் ஒரு பகுதியும் 1781இல் மறுபகுதியும் வெளிவந்தன. தள்ளாத வயதில், நோயோடு, எழுதிய அந்நூலே அவர் எழுதியவற்றுட் சிறந்தது என்பார் பலர். அதை முடித்தபின் 1781 பெரிய வெள்ளியன்று எழுதிய குறிப்பிலே, வழக்கம்போலவே தாமதித்தும் அவசரப்பட்டும், விருப்பின்றியும் வேகத்தோடும் எழுதி முடித்தேன் என்று ஒப்புக்கொள்கின்றார். இயல்பு மாறவில்லை, வேலை முடிந்தது.

ஜோன்சனின் வீட்டிலே றொபட் லெவெட் என்பவர் நெடுங்காலம் வசித்தார். பாரிசு நகரில் உணவுச்சாலைப் பணியாளராக இருந்தபோது, அங்கு வந்த சத்திரசிகிச்சையாளரிடம் கேட்டுக் கேட்டு மருத்துவம் பயின்றவர். பட்டமில்லை, பேச்சு வன்மையில்லை. நாள்தோறும் இலண்டன் ஏழைகளின் குடிசைகளுக்கு நடந்துசென்று மருத்துவஞ் செய்வார். காசில்லாதவர் கொடுக்கும் மதுவையும் ஊதியமாக ஏற்றுக்கொள்வார். 1782 சனவரியில் அவர் திடீரென இறந்தபோது ஜோன்சன் ஓர் இரங்கற்பா எழுதினார். தாலந்துகளின் உவமை அதிலே மீண்டும் வருகின்றது. ஆனால் இம்முறை அச்சமின்றி வருகின்றது. ஒரே தாலந்தைப் பெற்றவர் அதை நாள் தவறாமற் பயன்படுத்திச் சென்றார் என்று தம் நண்பரைப் போற்றுகின்றார். தாம் 55 ஆண்டு தேடியது தம் வீட்டு மாடியிலேயே குடியிருந்ததை அவர் உணர்ந்திருப்பார் என்றே யான் எண்ணுகின்றேன்.

பிந்திவிட்ட கடமையை என்ன செய்வது என்பதற்கும் அவர் வாழ்விலே ஒரு நிகழ்ச்சியுண்டு. அவருடைய தந்தையார் சந்தை நாட்களில் அட்டொக்ஸீட்டர் என்னும் ஊரிலே கடை பரப்பிப் புத்தகம் விற்பார். ஒருநாள், உடல்நலம் குன்றியிருந்தமையால், தமக்குப் பதிலாகச் செல்லுமாறு மகனை வேண்டினார். ஒக்ஸ்போர்ட் சென்றுவந்த மகன் செருக்கினால் மறுத்துவிட்டார். தந்தையார் 1731இற் காலமானார். ஏறக்குறைய ஐம்பதாண்டு சென்றபின், நாடறிந்த முதியவராகிய ஜோன்சன் அச்சந்தைக்குச் சென்று, தந்தையார் கடை பரப்பிய இடத்திலே, கொட்டும் மழையில் தலைமூடியின்றி நெடுநேரம் நின்றார். சுற்றிநின்றோர் சிரித்திருக்கலாம். பிள்ளை தந்தைக்குச் செய்யத் தவறியதை ஐம்பதாண்டு மழை கழுவிவிடுமா என்று கேட்டால் விடையில்லை. அந்தத் தவம் தமக்குப் பயன்பட்டதென்று தாம் நம்புவதாக, 1784இல், இளங்குரு ஒருவரிடம் அவர் கூறினார்.

சாவச்சம் மட்டும் எளிதில் அடங்கவில்லை. 1769இல் பொஸ்வெல் சாவைப் பற்றி மீண்டும் மீண்டும் கேட்டபோது, சினமுற்று, நாளைக்கு வரவேண்டா என்று அவரை அனுப்பிவிட்டார். 1784 சூனில் ஒக்ஸ்போர்டிலே, தம் பழைய கல்லூரித் தலைவர் அடம்ஸ் இறைவனின் நன்மைத்தன்மையை எடுத்துக்கூறித் தேற்ற முயன்றபோதும், தாம் நரகத்துக்குரியவர்களுள் ஒருவராக இருக்கக்கூடும் என்று உரத்த குரலிற் சொல்லி எல்லோரையும் திகைக்க வைத்தார். நம்பிக்கையுடையோர்க்கு அச்சமே இராது என்போர் இக்காட்சியை மறைத்துவிட விரும்பலாம். யான் விரும்பவில்லை.

ஏனெனில் இதே மனிதர், 1783 சூன் 17ஆந் திகதி அதிகாலையிலே பாரிசவாதத்தால் பேச்சிழந்து விழித்தபோது என்ன செய்தார் என்பதையும் நாம் அறிவோம். உடலை எவ்வாறு துன்புறுத்தினும் அறிவை மட்டும் காத்தருளுமாறு இறைவனை வேண்டினார். அறிவு கெட்டதோ என்று சோதிப்பதற்காக அவ்வேண்டுகோளை இலத்தீன் செய்யுளாக மனத்திலே யாத்தார். செய்யுள் அவ்வளவு நன்றாக வரவில்லை என்று தமக்கே தெரிந்தமையால், அறிவு குறையவில்லை என்று தேறினார்! பின்னர் படுத்துறங்கி, விடிந்ததும் அயல்வீட்டு நண்பருக்குத் தாமே கடிதம் எழுதினார். வாழ்நாள் முழுதும் அஞ்சியது நேரில் வந்து நின்ற வேளையில், அஞ்சுவதற்கு அவருக்கு நேரமிருக்கவில்லை.

1784 மார்கழியில் முடிவு நெருங்கிற்று. நீர்க்கோவையால் கால்கள் வீங்கியிருந்தன. சத்திரசிகிச்சையாளர் நோகுமென்று தயங்கியபோது, ஆழமாக வெட்டுங்கள், நோவைப்பற்றி எனக்குக் கவலையில்லை, வாழ்நாளே வேண்டும் என்று கேட்டார். அவர் சாவை விரும்பி வரவேற்றவர் அல்லர். 5ஆந் திகதி திருவிருந்திற் பங்குகொண்டு, அதற்கென இறுதிப் பிரார்த்தனை ஒன்றை இயற்றினார். பின்பு மருத்துவர் பிறொக்கிள்ஸ்பியிடம், தாம் பிழைக்க வழியுண்டா என்பதை ஒளிக்காமற் சொல்லும்படி வேண்டினார். அற்புதம் நிகழ்ந்தாலன்றி இல்லை என்றார் மருத்துவர். அப்படியாயின் இனி மருந்து வேண்டா, நோவை மறைக்கும் அபினும் வேண்டா, தெளிந்த அறிவோடே என் ஆன்மாவை இறைவனிடம் ஒப்படைக்க விரும்புகின்றேன் என்றார். அறிவை இழக்க அஞ்சியவரும் தீர்ப்புக்கு அஞ்சியவரும் ஒருவரே என்பதை நினைவுகூர்க. மறைந்துகொள்ள இருந்த ஒரே திரையையும் அவர் தாமே விலக்கிவிட்டார். இறுதி நாட்களில் அவருடைய அச்சங்கள் யாவும் நம்பிக்கையினால் அமைதியடைந்திருந்தன என்று பிறொக்கிள்ஸ்பி பொஸ்வெலுக்குத் தெரிவித்தார்.

13ஆந் திகதி மாலையில் உயிர் பிரிந்தது. யமேக்காவில் அடிமையாகப் பிறந்து, ஜோன்சன் வீட்டிலே மகன் போல வளர்ந்த பிரான்சிஸ் பாபருக்கு ஆண்டுக்கு 70 பவுண் கிடைக்கும்படி விருப்புறுதி எழுதப்பட்டிருந்தது. அவ்விருப்புறுதியையும் நண்பர் பலமுறை நினைவூட்டியபின், கடைசிக் கிழமைகளிலேதான் எழுதினார். கழற்றி வைத்த கடிகார முகப்பு, ஷேக்ஸ்பியர் பதிப்பைத் திருத்துவதில் அவருக்குத் துணைநின்ற ஸ்டீவன்சிடம் போய்ச் சேர்ந்தது. 20ஆந் திகதி வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்திலே அவரை அடக்கஞ் செய்தனர். ஷேக்ஸ்பியர் நினைவுச் சிலையின் அடியிலே அவர் கல்லறை இருக்கின்றது.